பழைய லேப்டாப்புக்கு மறதி வந்தால்: மெமரி பிழையைத் தேடிய வரலாறு



இந்த முறை ஒரு வரலாற்றுக் கட்டுரை. ராஜா ராணி கதை இல்லை (நடுவில் கொஞ்சம் வரும்!). கம்ப்யூட்டரின் நினைவகம், அதாவது நாம் ராம் என்றும் மெமரி என்றும் சொல்வது, கெட்டுப்போனால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மனிதர்கள் கற்றுக்கொண்ட கதை.

ஏன் இந்த விஷயம்? 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் மூலம் கொள்முதல் செய்து, 2019-20 வரையிலான காலத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. தொடக்க வருடங்களில் வந்தவற்றில் மெமரி 2 ஜிபி. விண்டோஸும் இருக்கும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கும். எங்கள் கொடும்பாளூர், விராலிமலைப் பக்கம் பல வீடுகளில் அக்கா படித்து முடித்து, தம்பி கைக்கு வந்து, இன்னும் உயிரோடு இருக்கும் லேப்டாப்கள் இவை. மெதுவாக ஓடும். சில சமயம் நீலத்திரை காட்டிவிட்டுத் தானே ரீஸ்டார்ட் ஆகும்.

உடனே நாம் சொல்வது, "மெமரி போச்சு". கடையில் சொல்வது, "போர்டு போயிருக்கும், புதுசு வாங்கிடுங்க". இரண்டுமே சோதிக்காமல் சொல்வது. ஆனால் மெமரி கெட்டிருக்கிறதா இல்லையா என்பதை ஊகிக்க வேண்டியதே இல்லை. அதைச் சோதித்துச் சொல்லும் வித்தைக்கு 75 வருடத்துக்கு மேல் வயதாகிறது. அந்த வித்தை எங்கே பிறந்தது, நம் கைக்கு எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

மெதுவாக ஓடுவது வேறு, மறதி வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். லேப்டாப் மெதுவாக இருப்பது பெரும்பாலும் மெமரி போதாததால். மெமரி பழுதானதால் அல்ல. 2 ஜிபியில் இன்றைய பிரௌசரில் நாலு பக்கம் திறந்தால் இடம் தீர்ந்துவிடும். இடம் தீர்ந்ததும் கம்ப்யூட்டர் சில பகுதிகளை ஹார்டு டிஸ்கில் எழுதி வைத்து, தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். ஹார்டு டிஸ்க் மெமரியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெதுவானது. அதனால்தான் எல்லாம் ஊர்கிறது.

பழுதான மெமரி வேறு மாதிரி நடந்துகொள்ளும். அது மெதுவாகாது. வேகமாகத் தப்பான பதிலைச் சொல்லும். எழுதியது ஒன்று, திரும்பப் படிக்கும்போது கிடைப்பது இன்னொன்று. இன்று ஒரு புரோகிராம் நின்றுபோகும், நாளை வேறொன்று. ஒரு முறை நன்றாகத் திறந்த ஜிப் ஃபைல் அடுத்த முறை பிழை காட்டும். விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும்போது ஒரு தடவை 30 சதவீதத்தில் நிற்கும், இன்னொரு தடவை 70 சதவீதத்தில் நிற்கும்.

இதில் ஆபத்தானது நீலத்திரை அல்ல. நீலத்திரையாவது பிரச்சினை இருப்பதைச் சொல்கிறது. ஒரு போட்டோவைக் காப்பி செய்யும்போது நடுவில் ஒரே ஒரு பிட் மாறிப்போய், அந்தப் பிழையோடு டிஸ்கில் சேமிக்கப்பட்டால் நமக்குத் தெரியவே தெரியாது. மெமரி தான் மறந்ததை மறந்துவிடும்.

முதல் கம்ப்யூட்டரே ஒரு சோதனைக் கருவிதான்

1940களின் கம்ப்யூட்டர்காரர்களுக்குக் கணக்குப் போடும் பகுதி பெரிய தலைவலி இல்லை. எண்களை ஞாபகம் வைத்துக்கொள்ள நம்பகமான ஒரு பொருள்தான் கிடைக்கவில்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடி வில்லியம்ஸும் டாம் கில்பர்னும் பழைய டிவியில் இருக்குமே, அந்த மாதிரி படக்குழாயை மெமரியாகப் பயன்படுத்தினார்கள். திரையில் ஒவ்வொரு புள்ளியிலும் மின்னூட்டம். அதுதான் 0 அல்லது 1. அந்த மின்னூட்டம் நொடிக்குள் கரைந்துவிடும். எனவே கரைவதற்குள் படித்துப் படித்துத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

இது உண்மையில் நம்பத்தக்கதா? அதைச் சோதிக்க வேகமாக எழுதி வேகமாகப் படிக்கும் ஒரு கருவி வேண்டும். அப்படிக் கட்டப்பட்டதுதான் 'பேபி' என்ற மெஷின். 1948 ஜூன் 21 அன்று அதில் ஒரு புரோகிராம் 52 நிமிடம் ஓடிச் சரியான விடையைத் தந்தது. மெமரியில் வைத்த புரோகிராமை இயக்கிய முதல் மின்னணுக் கம்ப்யூட்டர் என்று வரலாறு அதைச் சொல்கிறது. ஆனால் கட்டியவர்களின் நோக்கம் மெமரியைச் சோதிப்பது! அதன் மொத்த நினைவகம் 1024 பிட்.

இதே கதை அமெரிக்காவிலும் நடந்தது. எம்ஐடியில் ஜே ஃபாரெஸ்டர் குழு சின்னச் சின்னக் காந்த வளையங்களைக் கம்பியில் கோர்த்து 'கோர்' மெமரியை உருவாக்கியது. வேர்ல்விண்ட் என்ற பெரிய கம்ப்யூட்டரில் அதைப் பொருத்தும் முன் சோதித்துப் பார்ப்பதற்காகவே தனியாக ஒரு கம்ப்யூட்டர் கட்டினார்கள். அதன் பெயரே 'மெமரி டெஸ்ட் கம்ப்யூட்டர்'. அதைக் கட்டிய பொறியாளர் கென் ஓல்சன் 1957இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற புகழ்பெற்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1953இல் கோர் மெமரி வேர்ல்விண்டில் ஏறியது.

அடுத்த சில வருடங்களில் அது இந்தியாவுக்கும் வந்துவிட்டது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு சிறு குழு சொந்தமாகக் கம்ப்யூட்டர் கட்டியது. தலைமை தாங்கிய ஆர். நரசிம்மன் சென்னையில் பிறந்தவர், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1956இல் முன்னோட்ட மெஷின், 1960இல் முழு மெஷின். 1962இல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் வைத்தார். அதிலும் கோர் மெமரிதான். ஒவ்வொன்றும் 40 பிட் கொண்ட 2048 சொற்கள், ஏறக்குறைய 10 கேபி. நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு ஸ்டிக்கர்கூட இதைவிடப் பெரிதாக இருக்கும் :-)

இந்த மூன்று குழுக்களிடமும் ஒரே பாடம் இருந்தது. மெமரியைப் பார்த்துச் சொல்ல முடியாது, கேட்டுச் சொல்ல முடியாது. நமக்குத் தெரிந்த ஒன்றை எழுதி, திரும்பப் படித்து, ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

ஒன்பதாவது சிப்

சோதிக்கும்போது சரியாக இருந்து, வேலை நடக்கும்போது தவறினால்? அதற்கான விடை 'பாரிட்டி'. எட்டு பிட்டுக்கு ஒரு பிட் கூடுதலாக வைத்துக்கொள்வது. எட்டில் எத்தனை 1 இருக்கிறது, ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று ஒன்பதாவது பிட் குறித்து வைத்துக்கொள்ளும். ஏதாவது ஒன்று மாறினால் கணக்கு உதைக்கும்.

இதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. கொடும்பாளூர் மூவர் கோயில். இருக்குவேளிர் மரபில் வந்த பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும், கற்றளி, வரகுணை என்ற தன் மனைவியர் இருவர் பெயரிலும் மூன்று கோயில்கள் கட்டினார். இன்று இரண்டுதான் நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். நடுக்கோயில் சுவரில் கிரந்த எழுத்தில் சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அந்த மரபின் அரசர்களை வரிசையாகச் சொல்கிறது. அதன் தொடக்கப் பகுதி இன்று இல்லை.

அது செய்யுளில் அமைந்த கல்வெட்டு. செய்யுளுக்கு ஒரு அளவு உண்டு. ஒரு வரியில் எத்தனை அசை வர வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். எனவே எழுத்து சிதைந்த இடத்தில் எவ்வளவு போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம். தமிழிலும் அப்படித்தான். ஓலைச்சுவடியில் வெண்பா தளை தட்டினால், ஏடு எழுதியவர் எங்கோ தவறவிட்டிருக்கிறார் என்று பதிப்பாசிரியர் சந்தேகப்படுவார். யாப்பு என்பது பாட்டின் பாரிட்டி.

ஆனால் பாரிட்டி 'தவறு இருக்கிறது' என்று மட்டும்தான் சொல்லும். 'சரி எது' என்று சொல்லாது. அதற்கு வேறொரு ஆதாரம் வேண்டும். பூதி விக்கிரமகேசரியின் காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் ஆதித்த சோழன் காலம் என்று ஒரு சாரார், சுந்தர சோழன் காலம் என்று மறு சாரார். கல்வெட்டில் வரும் பெயர்களை மற்ற ஆதாரங்களோடு எப்படிப் பொருத்துவது என்பதில்தான் விவாதமே.

கம்ப்யூட்டரில் இந்த இரண்டாவது ஆதாரத்தையும் உள்ளேயே வைக்க வழி கண்டவர் ரிச்சர்ட் ஹாமிங். 1940களின் கடைசியில் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். வார இறுதியில் ஆளில்லாமல் ஓடும் மெஷின் பிழையைக் கண்டதும் அவருடைய கணக்கை விட்டுவிட்டு அடுத்தவர் கணக்குக்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. பிழை இருப்பதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த மெஷினுக்கு, அது எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க ஏன் முடியாது என்று யோசித்தார். 1950இல் வெளியான அவருடைய கட்டுரைதான் பிழை திருத்தும் குறியீடுகளுக்கு அடிப்படை.

யோசனை எளிது. 16 பிட்டை 4க்கு 4 கட்டமாக எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பாரிட்டி, ஒவ்வொரு நெடுக்குக்கும் ஒரு பாரிட்டி. ஒரு பிட் மாறினால் ஒரு வரிசையும் ஒரு நெடுக்கும் உதைக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் குற்றவாளி! அதைத் திருப்பிவிட்டால் சரியாகிவிடும். ஹாமிங் முறை இதைவிடச் சிக்கனமானது. 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதல் இருந்தால் போதும். ஒரு பிழையைத் திருத்தலாம், இரண்டு பிழைகளைக் கண்டறியலாம். இன்றைய சர்வர்களில் இருக்கும் 'இசிசி' மெமரி இந்த வம்சம்தான்.

1981இல் வந்த ஐபிஎம் பிசியில் எட்டு பிட்டுக்கு ஒன்பது மெமரி சிப் இருந்தது. பாரிட்டி உதைத்தால் திரையில் செய்தி காட்டிவிட்டு மெஷின் நின்றுவிடும். 1990களில் விலைப்போட்டி வந்தது. மெமரிச் செலவில் ஒன்பதில் ஒரு பங்கு மிச்சம் என்று அந்த ஒன்பதாவது சிப்பை எடுத்துவிட்டார்கள். நம் வீடுகளுக்கு வந்த சாதாரண லேப்டாப்கள் அனைத்தும் அந்த முடிவுக்குப் பிறகு பிறந்தவை. அதாவது தவறு நடந்தால் சொல்ல உள்ளே ஆளில்லை.

களிமண்ணும் காஸ்மிக் கதிரும்

இதற்கிடையில் மெமரியின் உடம்பே மாறிவிட்டது. ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்ட் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி இவற்றை வைத்து ஒரு பிட்டைச் சேமிக்கும் முறைக்கு 1968இல் காப்புரிமை பெற்றார். 1970இல் இன்டெல் 1103 என்ற 1024 பிட் சிப்பை விற்பனைக்கு விட்டது. கோர் மெமரியின் காலம் முடியத் தொடங்கியது. நம் லேப்டாப்பில் இருப்பதும் இந்த 'டிராம்' வகைதான். மின்தேக்கி என்பது ஓட்டைக் குடம் மாதிரி. கசிந்துகொண்டே இருக்கும். பொதுவாக 64 மில்லி நொடிக்குள் ஒரு தடவை எல்லாக் குடத்தையும் பார்த்து மறுபடி நிரப்ப வேண்டும்.

குடம் சிறிதாகச் சிறிதாக ஒரு புதுச் சிக்கல். 1970களின் பின்பாதியில் இன்டெல்லின் புதிய 16 கிலோபிட் சிப்களில் காரணமே இல்லாமல் பிட்கள் மாறின. சோதித்தால் சிப் நன்றாக இருக்கும். அதே இடத்தில் மறுபடி பிழை வராது. 1978இல் டிமோதி மே, மர்ரே உட்ஸ் இருவரும் காரணத்தைச் சொன்னார்கள். சிப்பை மூடியிருந்த பீங்கான் உறையில் மிக மிகச் சிறிய அளவில் யுரேனியம், தோரியம் கலந்திருந்தது. அதிலிருந்து வரும் ஆல்பா துகள் குடத்தில் இடித்து நீரைச் சிந்திவிடுகிறது. உறை செய்த ஆலை, பழைய யுரேனியச் சுரங்கம் ஒன்றுக்குக் கீழே ஓடும் ஆற்று நீரைப் பயன்படுத்தியது தெரியவந்தது. தோரியம் என்றால் நமக்குக் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணல் ஞாபகம் வரும். அந்த மாதிரி மண்ணின் குணம் கம்ப்யூட்டரின் ஞாபகத்தைக் கெடுக்கும் என்று அதுவரை யார் நினைத்தார்கள்?

உறையைச் சுத்தமாகச் செய்தாலும் முழுதாகத் தப்ப முடியாது. 1979இல் ஐபிஎம்மின் ஜேம்ஸ் ஸீக்லரும் யேல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் லான்ஃபோர்டும் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும் இதே வேலையைச் செய்யும் என்று கணக்கிட்டுச் சொன்னார்கள். பின்னால் ஐபிஎம் செய்த சோதனைகளில் உயரமான மலைநகரங்களில் பிழை அதிகம் என்பது உறுதியானது. இந்தக் கதிர்களை நம் ஊட்டியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2200 மீட்டர் உயரத்தில், டாடா நிலையத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் பல வருடங்களாக ஆராய்ந்து வருகிறது.

ஒரு பிட் மாறினால் என்ன ஆகிவிடப்போகிறது? 2003 மே 18, பெல்ஜியத்தில் தேர்தல். ஸ்கார்பேக் என்ற நகரில் ஒரு வேட்பாளருக்கு மின்னணு எண்ணிக்கையில் 4096 ஓட்டு கூடுதலாக வந்துவிட்டது. அந்த முறையில் அவருக்கு அவ்வளவு ஓட்டு வரவே முடியாது என்பதால்தான் சந்தேகம் வந்தது. 4096 என்பது 2ஐ 12 தடவை பெருக்கினால் வரும் எண். ஒரே ஒரு பிட் 0விலிருந்து 1 ஆனால் சரியாக இவ்வளவு கூடும். மென்பொருளில் தவறு எதுவும் கிடைக்கவில்லை. தற்செயலாக ஒரு பிட் மாறியதே காரணமாக இருக்கலாம் என்ற முடிவுக்குத்தான் வந்தார்கள்.

தெருவில் கோலம்: நாயர், தட்டே, ஆப்ரஹாம்

சரி, எல்லாப் பிழையும் இப்படி வானத்திலிருந்து வந்துபோவது என்றால் சோதித்து என்ன பயன்? நல்லவேளை, பெரும்பான்மை அப்படி இல்லை. கெட்டுப்போன செல் கெட்டுப்போன இடத்திலேயே இருக்கும். அதைப் பிடிக்கும் முறையில்தான் நம் நாட்டவர் பெயர்கள் வருகின்றன.

எல்லா இடத்திலும் 0 எழுதிப் படி. பிறகு எல்லா இடத்திலும் 1 எழுதிப் படி. இது போதாதா? போதாது. ஒரு தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். 5ஆம் எண் என்று கேட்டாலும் 6ஆம் எண் என்று கேட்டாலும் ஒரே வீட்டுக்குத்தான் வழி காட்டுகிறார்கள். எல்லா வீட்டிலும் வெள்ளைக் கோலம் போடச் சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தால் 5இலும் வெள்ளை, 6இலும் வெள்ளை. எல்லாம் சரி என்று வந்துவிடுவோம். ஒரு வீட்டில் கோலம் போடும்போது பக்கத்து வீட்டுக் கோலம் அழிகிறதா என்பதும் இப்படித் தெரியாது.

இரண்டிரண்டு வீடாக எல்லா ஜோடியையும் சோதிக்கலாம். 1024 பிட்டுக்கு அது 10 லட்சம் தடவைதான். நம் 2 ஜிபி லேப்டாப்புக்கு? அதில் ஏறக்குறைய 1718 கோடி பிட். நொடிக்கு 10 கோடி சோதனை என்று வைத்துக்கொண்டால்கூட 90,000 வருடத்துக்கு மேல் ஆகும்!

1978இல் ரவி நாயர், சதீஷ் தட்டே, ஜேக்கப் ஆப்ரஹாம் மூவரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆப்ரஹாம் கேரளப் பல்கலைக்கழகத்தில் இளநிலை படித்து, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவர். மெமரியில் என்னென்ன விதமான பழுது வரும் என்று முதலில் வகை பிரித்தார்கள். ஒரே மதிப்பில் ஒட்டிக்கொண்ட செல், பக்கத்துச் செல்லோடு பிணைந்த செல், முகவரி மாறிப்போன செல். பிறகு அந்த வகைகளைக் குறைந்த அடிகளில் பிடிக்கும் வழியைக் கொடுத்தார்கள். அடுத்த சில வருடங்களில் சுதாகர் ரெட்டி, மரினெஸ்கு போன்றவர்கள் இதைச் செப்பனிட, 'மார்ச்' சோதனை என்ற குடும்பமே உருவானது.

அது இப்படி. முதலில் தெரு முழுக்க வெள்ளைக் கோலம். பிறகு முதல் வீட்டிலிருந்து வரிசையாக நடக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் வெள்ளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சிவப்பாக மாற்ற வேண்டும். 6ஆம் வீட்டுக்குப் போகும் முன்பே அங்கே சிவப்பு இருந்தால், 5இல் செய்த வேலை 6ஐப் பாதித்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு சிவப்பைப் பார்த்து வெள்ளையாக்கிக்கொண்டு மறுபடி ஒரு நடை. அடுத்து கடைசி வீட்டிலிருந்து பின்னோக்கி இதே இரண்டு நடை, ஏனென்றால் பாதிப்பு எந்தத் திசையிலும் போகலாம். கடைசியில் ஒரு முறை சும்மா பார்த்துவிட்டு வருவது. மொத்தம் ஒரு வீட்டுக்குப் பத்து வேலை. மேலே சொன்ன அதே கணக்கில் 2 ஜிபிக்கு அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 90,000 வருடம் எங்கே, அரை மணி நேரம் எங்கே!

மெம்டெஸ்ட் பிறந்தது

ஆய்வுக் கட்டுரையிலும் சிப் ஆலையிலும் இருந்த இந்த வித்தையைச் சாதாரண மக்கள் கையில் கொடுத்தவர்களில் கிறிஸ் பிரேடி முக்கியமானவர். 1994இல் மெம்டெஸ்ட்86 என்ற இலவச நிரலை வெளியிட்டார். விண்டோஸ், லினக்ஸ் எதுவும் இல்லாமல் தானே பூட் ஆகும். ஏனென்றால் விண்டோஸ் ஓடும்போது அதுவே மெமரியில் உட்கார்ந்திருக்கும். தான் உட்கார்ந்திருக்கும் பாயைத் தானே உதற முடியாதல்லவா? 2004இல் இதிலிருந்து மெம்டெஸ்ட்86+ என்ற கிளை பிரிந்தது. அதன் 6ஆம் பதிப்பு 2022இல் புதிதாக எழுதப்பட்டு வந்தது. பழைய பயாஸ் மெஷினிலும் ஓடும், புதிய மெஷினிலும் ஓடும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து மைக்ரோசாஃப்டும் ஒரு மெமரி சோதனையைச் சேர்த்துக் கொடுக்கிறது.

2009இல் டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் பியான்கா ஷ்ரோடரும் கூகுள் ஆய்வாளர்களும் கூகுளின் சர்வர்களை இரண்டரை வருடம் கவனித்து எழுதினார்கள். வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு மெஷின்களில் ஒரு மெமரி பிழையாவது வந்திருந்தது. மெமரி அட்டைகளில் 8 சதவீதத்துக்கு மேல் பாதிக்கப்பட்டிருந்தன. முக்கியமான முடிவு என்னவென்றால், பிழைகளில் பெரும்பங்கு வந்துபோகும் கதிர்வீச்சுப் பிழைகள் அல்ல, நிலையான பழுதுகள். அதாவது சோதித்தால் சிக்கக்கூடியவை.

2014இல் இன்னொரு அதிர்ச்சி. கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மெமரியின் ஒரே வரிசையை வேகமாகத் திரும்பத் திரும்பத் தொட்டால் பக்கத்து வரிசையில் பிட் மாறுவதைக் காட்டினார்கள். சோதித்த 129 மெமரி அட்டைகளில் 110இல் இது நடந்தது. 'ரோஹேமர்' என்று பெயர். ஆனால் இது புது நோய் அல்ல! மான்செஸ்டர் வகைப் படக்குழாய் மெமரியிலும், ஒரு புள்ளியை அடிக்கடி தொட்டால் பக்கத்துப் புள்ளி கெடும் சிக்கல் இருந்தது. உடம்பு மாறினாலும் நோய் மாறவில்லை.

இவ்வளவு தெரிந்த பிறகும் மெமரி பெரியவர்களையும் ஏமாற்றும். 2022 அக்டோபர் மாதத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் கம்ப்யூட்டரே விநோதமாகப் பிழைவிட்டது. முதலில் அவர் சந்தேகப்பட்டது புதிதாகச் சேர்த்த லினக்ஸ் நிரலை. கடைசியில் பார்த்தால் ஒரு மெமரி அட்டை பழுது. இசிசி இல்லாத மெமரி. அதற்கு முந்தைய வருடம்தான், சாதாரண மெஷின்களுக்கு இசிசி பரவாததற்கு இன்டெல்தான் காரணம் என்று அவர் கடுமையாகத் திட்டியிருந்தார்.

நம் வீட்டு லேப்டாப்புக்கு

இந்த வரலாற்றை வைத்து நாம் செய்யக்கூடியவை இவை.

1. எல்லா நேரமும் ஒரே மாதிரி மெதுவாக இருக்கிறதா? மெமரி பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. இடம் போதவில்லை, அல்லது டிஸ்க் தளர்ந்துவிட்டது.

2. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ஒரே பிழை வருகிறதா? மென்பொருளையோ டிஸ்கையோ முதலில் பாருங்கள்.

3. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் பிழையா? மெமரியைச் சந்தேகப்படலாம். முக்கியமான ஃபைல்களை அந்த லேப்டாப் வழியாகக் காப்பி செய்வதை முதலில் நிறுத்துங்கள். முடிந்தால் டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டி எடுங்கள்.

4. பென் டிரைவில் மெம்டெஸ்ட்86+ போட்டு, சார்ஜரை மாட்டி, இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு சுற்றில் தப்பிப்பது சூடான பிறகு அடுத்த சுற்றில் சிக்கலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான்.

5. பிழை வந்தால் உடனே அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். பவரை நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி, மெமரி அட்டையை எடுத்துத் தூசு தட்டி மறுபடி அழுத்தமாக மாட்டுங்கள். பல சமயம் அதோடு தீரும். இரண்டு அட்டை இருந்தால் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். அட்டையை அடுத்த ஸ்லாட்டுக்கு மாற்றும்போது பிழையும் கூடவே போகிறதா? அட்டை பழுது. ஸ்லாட்டிலேயே நிற்கிறதா? போர்டு பழுது. "போர்டு போச்சு" என்று சொல்ல இதுதான் சரியான வழி.

6. பிழை எப்போதும் ஒரே சிறிய முகவரிப் பகுதியில்தான் வருகிறதா? லினக்ஸில் அந்தப் பகுதியை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதைப் பயன்படுத்தலாம். கிரப் பூட் லோடரில் 'பேட்ராம்' என்ற அமைப்பு இதற்காகவே இருக்கிறது. புது மெமரி வாங்கும் வரை லேப்டாப் ஓடும்.

மான்செஸ்டரில் மெமரியைச் சோதிக்க ஒரு கம்ப்யூட்டரையே கட்டினார்கள். ஐபிஎம் பிசியில் அதைக் கண்காணிக்க ஒரு சிப் வைத்தார்கள். விலை குறைக்க அந்தச் சிப்பை எடுத்தபோது வேலை மறைந்துவிடவில்லை. அது சத்தமில்லாமல் லேப்டாப் வைத்திருப்பவர் தலையில் வந்து விழுந்தது. அந்த லேப்டாப்பில் இருப்பது ஒரு வீட்டின் போட்டோக்கள், சான்றிதழ்கள், ஒரு மாணவரின் புராஜெக்ட். புது லேப்டாப் என்பது பல வீடுகளில் மூன்று மாதச் சம்பளம். எனவே யாராவது "மெமரி போச்சு" என்று சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சோதிச்சுப் பார்த்தீங்களா?"